துணை தேவையா? காரணம் எழுதுக

நிழலூரில் காலை ஆறு மணி அடித்ததும் பதினோராயிரம் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ரீங்காரமிடும் தெருவிளக்குகள் அணையும். நீரேற்றும் எந்திரங்கள் நிற்கும். கைக்குழந்தைகள் வாயில் சூப்பான் போகும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். தும்மியவர் பெயர் மாலைக்குள் ஊர்ப் பலகையில் ஏறிவிடும். இருபது நிமிடம் ஊரே இருட்டில் மூச்சடக்கிக் கிடக்கும். அரசாணையில் இதற்கு ‘அமைதி வேளை’ என்று பெயர். ஊர்க்காரர்கள் ‘வாய்ப்பூட்டு’ என்பார்கள். பூமியில் காலை எழுந்ததும் மக்கள் கத்திப் பேசுவார்கள் என்று சொன்னால் அங்கே பிறந்த பிள்ளைகள் நம்புவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நிழலூர் நிலவின் தென்முனையில், வெயில் என்றைக்குமே விழாத ஒரு குழியின் அடியில் இருக்கிறது. ஊருக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்கள் மட்டும் அறுபத்து மூன்று கிலோமீட்டர். வெளிக்குளிரில் அவை சுருங்கும், உள்ளிருக்கும் சூட்டில் விரியும், இந்த இழுபறியில் எங்காவது மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். உணரிகள் கண்டுபிடிக்கும்தான், பத்தில் எட்டை. மீதி இரண்டு போதும், ஊர் முழுக்கத் தூக்கத்திலேயே போய்ச் சேர. அதனால் அந்த இருபது நிமிட அமைதியில் குழாய்களைத் தட்டிக் கேட்க மனிதர்களை வைத்திருந்தார்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான். தட்டர் என்பது பதவிப் பெயர். மொத்தம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் காதுக்குப் பேர்போனவள் சங்கரவடிவு.

சங்கரவடிவுக்கு நாற்பது வயது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பிறவியிலேயே கிடையாது. ஆகையால் செயற்கைக் கண்ணும் அவளுக்குப் பயன்படாது. வாயில் திருநெல்வேலிப் பேச்சும் கையில் கொட்டாப்புளி என்கிற ஒரு சின்ன மரச்சுத்தியுமாகப் பதினான்கு வருடமாக அந்தக் குழாய்ப் பாதைகளில் நடந்துகொண்டிருந்தாள். பதினான்கு வருடம் இந்த அம்மாவைத் தனியாக விட்டிருக்கிறார்களே, என்ன நிர்வாகம் இது என்று பரஞ்சோதி முதல் நாளே வருத்தப்பட்டான்.

பரஞ்சோதிக்கு நாற்பத்தாறு. திருச்சிப் பக்கத்துக்காரன். ஒரு வருடமாக வாய்ப்பூட்டு வேளையில் அவளுக்கு இரண்டு அடி முன்னால் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். கண் தெரியாதவளுக்கு விளக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவன் கேட்டுக்கொண்டதில்லை. விளக்கு அணைந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறவன் யார் என்பதையும் அவன் யோசித்ததில்லை.

சுற்று முடிந்து விளக்குகள் எரிந்ததும் இருவரும் மரியதாசன் கடைக்குப் போவார்கள். மரியதாசன் கெட்ட மனிதன் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட அவன் வடிவின் முகத்தைப் பார்த்து எதையும் கேட்டதில்லை.

“அம்மாவுக்கு என்ன சார்?”

“டீதான். சர்க்கரை வேண்டாம் அவங்களுக்கு.”

“ரொட்டி சாப்பிடுவாங்களா?”

“மெதுவா இருக்குறதாக் குடுங்க.”

சர்க்கரை வியாதியால்தான் அவளுக்குக் கண் போயிருக்கும் என்று பரஞ்சோதி முதல் நாளே முடிவு கட்டியிருந்தான். அவனுடைய பெரியப்பாவுக்கு அப்படித்தான் போயிற்று. வடிவு அந்தக் கசப்பு டீயைக் குடிப்பாள். குடித்துவிட்டு டம்ளரின் விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, “நல்ல டம்ளரு” என்று மட்டும் சொல்வாள்.

பரஞ்சோதி இந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. இருபத்தேழு வயதில் நிலவுக்கு வந்து, பனிக்கட்டி வெட்டும் துறையில் பதினாறு வருடம் மேற்பார்வையாளனாக இருந்தான். நாற்பது பேர் வெட்டுவார்கள், அவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு அந்த நாற்பது பேர் இடத்துக்கு எந்திரங்கள் வந்தன. எந்திரங்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. பார்க்க ஒன்றும் இல்லாமல் இரண்டரை வருடம் அறையில் கிடந்தான். மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தால் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது குடியேற்றச் சட்டம். நிலவில் மனிதனுக்கு ஆறில் ஒரு பங்குதான் எடை. இத்தனை வருடம் அதற்குப் பழகிய எலும்பு பூமியில் அவனைத் தாங்காது, இறங்கிய நாளிலிருந்து சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து பரஞ்சோதிக்குத் தூக்கம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் பணித்துறையிலிருந்து ஆணை வந்தது. ‘பரஞ்சோதி, சங்கரவடிவு ஆகிய இருவரும் துணையுடன் பணித் திட்டத்தின்கீழ் ஓராண்டுக்கு இணைக்கப்படுகிறார்கள்.’ அந்தத் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை செய்வதில் குறை உள்ளவருக்கு ஒரு துணையைப் போடுவார்கள். துணை பக்கத்திலேயே இருந்து வேலையைப் பழக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கடைசியில் குறை உள்ளவர் தனியாக நிற்பார். ஆணைக்குக் கீழே பதினொரு பக்கம் இணைப்பு. அதற்கும் கீழே ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம். பரஞ்சோதி கட்டத்தைத் தொட்டான். உலகத்தில் யார்தான் இணைப்பைப் படித்திருக்கிறார்கள்.

துணையாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று அவன் நினைத்தான். முக்கியமாக, வடிவுக்கு வேலையில் அக்கறை போதாது என்று அவனுக்குப் பட்டது. இரண்டாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“சார், கை வலிக்கி. இந்தக் குழாயை நீங்க கொஞ்சம் தட்டுங்களேன்.”

“நான் எப்படிம்மா? அது உங்க வேலையாச்சே.”

“சும்மா தட்டுங்க. சத்தம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

தட்டினான். “நல்லாத்தான் இருக்கு.”

“அதுக்கு அடுத்தது?”

தட்டினான். கொஞ்சம் யோசித்தான். “இது கொஞ்சம் சோடையா இருக்குற மாதிரி.”

“எத்தன விரக்கடை தள்ளி?”

இப்படியே மாதங்கள் போயின. கை வலி ஆறாம் மாதத்தில் கால் வலி ஆயிற்று. எட்டாம் மாதத்தில், “நீங்க முன்னாடி போங்க சார், நான் மெதுவா வாரேன்” என்று பாதையின் தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். பரஞ்சோதி அவர்கள் பங்கான ஏழாம் பாதையில் அன்றைய தூரம் முழுவதையும் தானே தட்டிக்கொண்டு போய், தானே சந்தேகப்பட்டு, தானே சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் திரும்புவான். பத்தாம் மாதம் ஒரு நாள் உணரிகள் தவறவிட்ட ஒரு விரிசலை அவன் காது பிடித்தது. அவன் அவளிடம் ஓடிவந்து சொன்னபோது வடிவு எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டினாள். அவள் வேலையைத் தான் செய்து கொடுத்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பதினோராம் மாதம் படிவம் வந்தது. மேலே அவன் பெயரும் எண்ணும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. தலைப்பு ‘பணியாளர் படிவம்’. பணியில் இருக்கிறவர் எல்லோரும் பணியாளர்தானே. ஒரே ஒரு கேள்வி. ‘துணை தொடர்ந்து தேவையா? காரணம் எழுதுக.’

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பரஞ்சோதி ஒரு வாரம் தவித்தான். உண்மை அவனுக்குத் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை, அவன் மனசாட்சி உள்ளவன்தான். வடிவுக்கு எந்தத் துணையும் தேவையில்லை. அவள் தட்டாமலே, பாதையில் நடக்கும்போதே தலையைச் சாய்த்து “அங்ஙன ஒண்ணு இருக்கு” என்பாள், இருக்கும். ஆனால் ‘தேவையில்லை’ என்று எழுதினால் நாளை துணைக்கு என்ன வேலை? வேலை போனால் மிச்சம் ஆறு மாதம், அப்புறம் பூமி, அப்புறம் நாற்காலி. அவளுக்கு இதனால் என்ன நஷ்டம், இன்னும் ஒரு வருடம் கூட ஒருவன் வரப்போகிறான், அவ்வளவுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழுதினான்.

‘தேவை. துணை இல்லாமல் இந்தப் பணியைச் செய்ய இயலாத நிலை. இருட்டில் தடுமாற்றம் உள்ளது. ஒலியில் ஐயம் வந்தால் உறுதி செய்ய ஒருவர் வேண்டியிருக்கிறது. தனியே விட்டால் அச்சம் ஏற்படக்கூடும். நல்ல மனம், முயற்சி உண்டு. ஆயினும் இன்னும் ஓராண்டாவது பக்கத்தில் ஆள் இருப்பது அவசியம்.’

பதினாறு வருடம் அறிக்கை எழுதிய கை. அலுவலகத் தமிழில் எழுவாய்க்கு வேலை கிடையாது. யார் என்று சொல்லாமலே பத்துப் பக்கம் எழுதலாம். ஒரு முறை படித்துப் பார்த்தான். கோர்வையாக இருந்தது. அனுப்பிவிட்டான்.

மதிப்பீட்டுக் குழு பணித்துறையின் மாடியில் கூடியது. மூன்று பேர். நடுவில் தலைவி மெஹருன்னிஸா, இனிமையாகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்தவள். பரஞ்சோதி வடிவின் முழங்கையைப் பிடித்து நாற்காலிவரை கூட்டிவந்தான். அவள் அவனை உட்காரவிட்டுப் பிறகு உட்கார்ந்தாள்.

“வாங்க வடிவு,” என்றாள் தலைவி. “இவர் எப்படி இருக்கார்?”

பரஞ்சோதி முந்திக்கொண்டான். “நல்லா இருக்காங்க மேடம். சின்னச் சின்னக் குறை இருக்கு. போகப் போகச் சரியாயிடும்.”

மெஹருன்னிஸா அவனைப் பார்த்துச் சிரித்தாள். மழலை பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்துவிட்டு முகத்தை மறுபடியும் வடிவின் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நல்லாப் பேசறாரே. தூக்கமெல்லாம் ஒழுங்கா இருக்கா இவருக்கு?”

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் மேடம். வேலை நல்லாப் பாக்காரு.”

யாரைப் பற்றி யாரிடம் கேட்கிறார்கள் என்று பரஞ்சோதிக்குப் பிடிபடவில்லை. அதற்குள் தலைவி கோப்பைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

“பணியாளர், பரஞ்சோதி. துணை, சங்கரவடிவு, முதுநிலைத் தட்டர். குறை வகை, மேற்பார்வை. பதினாறு ஆண்டுகள் பிறர் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், தானாக ஒரு வேலையைச் செய்யும் திறன் மங்கியிருக்கிறது. பழக்கினால் தேறக்கூடும்.”

பரஞ்சோதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதில் விழுந்தது தமிழ்தானா என்றே சந்தேகம் வந்தது.

“மேடம், இதுல ஏதோ தப்பு இருக்கு. பேரு மாறிப் போயிருக்கு. நான்தான் துணை.”

தலைவி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. வடிவைக் கேட்டாள். “இவருக்கு இன்னும் தெரியாதா?”

“தெரியாது மேடம். ஆளு இணைப்பைப் படிக்கலன்னு மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சுட்டு. நாமளாச் சொல்லப்பிடாதுன்னு விதி போட்டிருக்கீங்களே, தன்மானம் கெட்டுரும்னு. தானாத் தெரிஞ்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்.”

“பரவாயில்லை. நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கு.”

பரஞ்சோதியின் முகம் சுட்டது. ஒரு வருடம் முழுவதும் அவன் கண்முன் தலைகீழாகப் புரண்டது. கை வலிக்கவில்லை. கால் வலிக்கவில்லை. மெதுவாக வாரேன் என்றது மெதுவாக விலகியது. அன்றைக்குத் தட்டிய கைதட்டல் நன்றி இல்லை. கைவிளக்கு யாருக்கு என்பது ஒரு வருடம் கழித்து இப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

“துணையோட அறிக்கை நல்லா இருக்கு,” என்று தலைவி தொடர்ந்தாள். “ஏழாம் பாதையை இவரே தனியாகப் பார்ப்பார், துணை வேண்டாம், பத்தாவது தட்டராக நிரந்தரமாகப் போடலாம்னு எழுதியிருக்கீங்க.”

நிரந்தரம். அந்த ஒரு சொல்லில் பரஞ்சோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூமி இல்லை. நாற்காலி இல்லை. பட்ட அவமானம் எல்லாம் இருக்கட்டும், இது கிடைத்தால் போதும் என்று இருந்தது.

“ஆனா பணியாளர் படிவம் வேற மாதிரி இருக்கு.” அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். “தேவை. துணை இல்லாமல் இந்தப் பணியைச் செய்ய இயலாத நிலை. இருட்டில் தடுமாற்றம் உள்ளது.”

நாற்காலியின் கைப்பிடியில் இதுவரை லேசாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த வடிவின் விரல்கள் நின்றன.

தலைவி ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “இந்த இடத்துல இருபது வருஷமா இருக்கேன். தன் குறையை இவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டவரை நான் பார்த்ததில்லை. தனியே விட்டால் அச்சம்னு எழுதறதுக்கு எவ்வளவு மனசு வேணும். நம்ம சட்டத்துல பணியாளர் சொல்லுக்கு மேல யார் சொல்லும் கிடையாது. இவர் இன்னும் ஒரு வருஷம் துணை கேட்கறார். குடுத்துடலாம். பத்தாவது இடத்துக்கு வேற ஆளைப் பார்ப்போம்.”

“மேடம், அது என்னைப் பத்தி எழுதினது இல்ல,” என்றான் பரஞ்சோதி.

“பதட்டப்படறார்,” என்றாள் தலைவி, வடிவிடம். “தண்ணி குடுக்கச் சொல்லட்டுமா?”

“மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. அது என்னைப் பத்தி இல்ல.”

“கோபமும் வருமோ இவருக்கு?”

தான் பேசுவது இந்த அறையில் யாருக்காவது கேட்கிறதா என்று பரஞ்சோதிக்குப் பயம் வந்தது. மூன்று பேரும் அவனைப் பரிவோடு பார்த்தார்கள். ஆனால் அவன் சொன்னதற்கு மட்டும் யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. இப்படி ஒரு இடத்தில் வாழ்நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்திருக்க முடியுமா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி உட்கார்ந்திருந்தவள் அவனிடமிருந்து அரை முழம் தள்ளித்தான் இருந்தாள்.

“மேடம்,” என்றாள் வடிவு. “அவரு இங்கனதான் இருக்காரு. அவரு சொல்லுததைக் கேளுங்க.”

அவன் சொல்வதைக் கேட்க மூன்று பேரும் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினார்கள். “மன்னிச்சுக்குங்க,” என்றாள் மெஹருன்னிஸா, உண்மையான வருத்தத்தோடு. “சொல்லுங்க பரஞ்சோதி. யாரைப் பத்தி எழுதினீங்க?”

சொல்வதற்கு ஒரே ஒரு வரிதான். இந்த அம்மாவைப் பற்றித்தான் எழுதினேன், இவளுக்குத் துணை வேண்டாம் என்று தெரிந்தே எழுதினேன். சொல்லிவிட்டால் பத்தாவது இடம் அவனுக்கு வந்தாலும் வரலாம். அவன் வடிவைப் பார்த்தான். அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பவில்லை, காதைத் திருப்பியிருந்தாள். சந்தேகப்பட்ட குழாயின் பக்கத்தில் நிற்கும்போது அவள் இப்படித்தான் தலையைச் சாய்ப்பாள்.

அவள் காதுபட அதைச் சொல்ல நினைத்தபோதே வெட்கம் பரஞ்சோதியைப் பிடுங்கித் தின்றது.

“என்னைப் பத்தித்தான் மேடம்,” என்றான்.

வடிவு மெல்ல மூச்சு விட்டாள். அந்தக் குரலில் விரிசல் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் எழுதியது என்னவோ வரிக்கு வரி நிஜம்தான். இருட்டில் தடுமாற்றம் அவனுக்குத்தான். ஐயம் வந்தால் உறுதி செய்ய ஆள் வேண்டியதும் அவனுக்குத்தான். தலைவி ஆணையில் ஒப்பமிட்டாள். துணையுடன் பணி, இரண்டாம் ஆண்டு, இதற்கு மேல் நீட்டிப்பு இல்லை.

கதவு திறந்து தேநீர் எந்திரம் உருண்டு வந்தது. அந்த அலுவலகத்தில் பரிமாறுவதற்கென்று செய்த எந்திரம். மரியாதையாகப் பேசும், யார் எவர் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளும். துணையோடு வந்திருப்பவரிடம் நேரடியாகப் பேசாதே, துணையிடம் கேள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூமியில் நம் காலத்து மருத்துவமனைகளிலும் ஓட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் மனிதர்கள் பேசிக்கொண்ட கோடிக்கணக்கான பேச்சுகளைப் படித்து, அதுவாகவே கற்றுக்கொண்டது.

எந்திரம் பரஞ்சோதியைத் தாண்டிப் போய் வடிவின் முன்னால் நின்றது.

“வணக்கம் அம்மா. சாருக்குச் சர்க்கரை போடலாமா?”

“அவருகிட்டயே கேளு,” என்றாள் வடிவு. “எனக்கு ரெண்டு கரண்டி போடு. சீனி பாத்து ஒரு வருசமாச்சு.”